வெள்ளை அடைப்பும் உடம்பின் எதிர்ப்பு சக்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் பல் மருத்துவம் பார்க்கிறேன். சிவாஜிநகர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம். "இந்த வெள்ளை சிமெண்ட் இம்யூனிட்டியைக் கெடுக்குமாமே, டாக்டர்?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். நியாயமான கேள்வி. வாயைத் திறந்து வைத்திருப்பவருக்குப் பாதி வேலையில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை அடைப்பில் இருக்கும் ரெசின் என்ற பிசின் கெட்டியாகிவிட்ட பிறகு அதை நினைத்து நோயாளிகள் கவலைப்படுவது தேவைக்கு மேல். கெட்டியாகாத ரெசினை நினைத்து பல் மருத்துவர்களும் உதவியாளர்களும் கவலைப்படுவது தேவைக்குக் கீழ்.

ரெசின் என்பது என்ன? என் வாயில் எங்கெல்லாம் இருக்கும்?

பல் நிறத்திலேயே வைக்கிறோமே, அந்த அடைப்புக்கு காம்போசிட் என்று பெயர். எடையில் பெரும்பகுதி நுண்ணிய கண்ணாடித் தூளும் சிலிக்காவும். அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பிசின்தான் ரெசின். அமெரிக்காவில் ரஃபேல் போவன் என்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் 1962-ல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற மூலக்கூறு இன்றும் பல கம்பெனிகளின் காம்போசிட்டில் இருக்கிறது. அது தேன்போல் கெட்டி. வேலை செய்ய வசதியாக டெக்டிஎம்ஏ என்ற மெல்லிய திரவத்தைக் கலக்கிறார்கள். அடைப்பு பல்லோடு ஒட்ட முதலில் பிரஷால் தடவும் பாண்டிங்கில் ஹீமா என்ற சின்ன மூலக்கூறு இருக்கும். இந்த மூன்றையும், இவற்றின் உறவுக்காரர்களையும் சேர்த்து மோனோமர் என்கிறோம். எல்லாம் மெத்தாக்ரிலேட் குடும்பம்.

நீல லைட் அடித்ததும் மோனோமர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாக இறுகுகின்றன. இதே குடும்பம் பல் செட்டின் ரோஸ் நிறப் பகுதியிலும், தற்காலிக கேப்பிலும், கிளிப் ஒட்டும் பசையிலும், பிள்ளைகளின் கடைவாய்ப் பல்லில் பூசும் சீலன்டிலும், பல்லை வரிசைப்படுத்த அலைனர் போடுகிறவர்களின் பல்லில் ஒட்டும் சின்னப் பட்டன்களிலும் இருக்கிறது.

கெட்டியான பிறகு அதிலிருந்து ஏதாவது கசியுமா?

கசியும். கொஞ்சம். மற்றதெல்லாம் இந்தக் கொஞ்சத்தைப் பொறுத்தது.

எவ்வளவு நல்ல லைட் அடித்தாலும் எல்லா மோனோமரும் கோத்துக்கொள்வதில்லை. வினைபுரிய வேண்டிய இரட்டைப் பிணைப்புகளில் நூற்றுக்கு 50 முதல் 75 வரைதான் வினைபுரியும். இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் கால் பங்கு ரெசின் வாயில் கரைகிறதா" என்று பதறிக் கேட்டவர்கள் உண்டு. அப்படி இல்லை. மிஞ்சும் பிணைப்புகளில் பெரும்பாலானவை ஒரு முனையில் வலையோடு கட்டப்பட்டே இருக்கின்றன. அவற்றால் வெளியே வர முடியாது. இரண்டு முனையும் கட்டப்படாமல் சுதந்திரமாக இருப்பதுதான் எச்சிலில் கரைந்து வரும். அது சிறிய பங்கு. அதிலும் பெரும்பகுதி முதல் ஒரு நாளில், மிஞ்சினால் முதல் சில நாட்களில் வெளியேறிவிடும். அதற்கப்புறம் எச்சிலில் உள்ள எஸ்டரேஸ் என்ற நொதிகள் மேற்பரப்பை வருடக்கணக்கில் மிக மெதுவாக அரிக்கின்றன.

எவ்வளவு மிஞ்சும் என்பது கம்பெனியைவிட வைக்கும் கையைப் பொறுத்தது என்பேன். நீல ஒளி ஆழமாகப் போகாது. அதனால்தான் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு வைத்து, லைட் அடித்து, அடுத்த அடுக்கு வைக்கிறோம். ஆழக் குழியை ஒரே தடவையில் அடைத்து மேலாக லைட் அடித்தால், மேலே வெந்து நடுவே மாவாக நிற்கும் இட்லியின் கதைதான். மேலே உளி வைத்துத் தட்டினால் கல் மாதிரி இருக்கும். அடியில், நரம்புக்குப் பக்கத்தில், வேகாத ரெசின் கிடக்கும். இத்தனை கனம் வரை ஒரே அடுக்காக வைக்கலாம் என்று தயாரித்த பொருட்களும் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் எல்லை உண்டு.

லைட்டின் முனையில் பழைய ரெசின் துளி ஒட்டிக் காய்ந்திருந்தாலே ஒளி குறையும். சாய்த்துப் பிடித்தால் குறையும். பேட்டரி பழசானால் குறையும். கண்ணுக்கு எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரியும். அளப்பதற்கென்று சின்ன மீட்டர் இருக்கிறது, அதில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் டாக்டரிடம் "லைட் மீட்டரில் பார்க்கிறீர்களா?" என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. காற்றுப்படும் மேல்பரப்பில் ஆக்சிஜன் குறுக்கிடுவதால் மெல்லிய பிசுபிசுப்புப் படலம் ஒன்று கெட்டியாகாமல் நின்றுவிடும். அதைப் பஞ்சால் துடைத்து, பாலிஷ் செய்து, வாயை அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பச் சொல்ல வேண்டும். ஒரு பைசா செலவில்லாத வேலை இது. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

கசிந்து வருவதை உடம்பின் எதிர்ப்பு சக்தி எப்படி எடுத்துக்கொள்கிறது?

இரண்டு வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று அலர்ஜி. இன்னொன்று, மோனோமர் படும் இடத்தில் எதிர்ப்பு செல்களின் வேலை மாறுவது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி பயம்.

அலர்ஜியை முதலில் பார்க்கலாம். ஹீமா போன்ற மூலக்கூறு மிகச் சிறியது. அதைத் தனியாக எதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளாது. ஆனால் அது தோலுக்குள்ளோ ஈறுக்குள்ளோ போய் நம் சொந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தப் புரதம் உடம்புக்கு அந்நியமாகத் தெரிகிறது. தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுக்குக் காட்டுகின்றன. அங்கே அதை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் உருவாகிவிட்டால், அடுத்த தடவை அதே பொருள் பட்டதும் அவை திரண்டு வந்து அந்த இடத்தில் வீக்கம், சிவப்பு, கொப்புளம், வெடிப்பு உண்டாக்கும். இது உடனே வராது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரும். நான்காம் வகை, அதாவது தாமதமாக வரும் ஒவ்வாமை இது. ஒருமுறை பதிந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போவதில்லை.

வாய்க்குள் இது அரிதாகத்தான் நடக்கிறது. எச்சில் ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கிறது, வாயின் உட்தோலில் ரத்த ஓட்டமும் அதிகம், பொருள் ஒரே இடத்தில் தேங்குவதில்லை. கை விரலுக்கு இந்த வசதிகள் எதுவும் கிடையாது.

இரண்டாவது வழி பல்லின் உள்ளே. பல்லின் நடுவில் இருக்கும் கூழில் நரம்பும் ரத்தக் குழாயும் மட்டுமல்ல, எதிர்ப்பு செல்களும் இருக்கின்றன. குழி ஆழமாகி, கூழுக்கு மேல் டென்டின் என்ற பல்லின் உள் அடுக்கு மெல்லிசாக மட்டும் மிஞ்சியிருந்தால், டென்டினின் நுண் குழாய்கள் வழியாக மோனோமர் உள்ளே இறங்கலாம். இறங்கினால் செல்களின் குளுட்டாதியோன் என்ற பாதுகாப்புப் பொருளைச் செலவழித்துவிடும்; ஆக்சிஜன் சார்ந்த வேதி அழுத்தம் கூடும். ஆழமான குழியில் நேரடியாக ரெசின் வைக்காமல் அடியில் கால்சியம் சார்ந்த மருந்து ஒன்றைப் போட்டு மூடுவது இதனால்தான். "எதற்கு டாக்டர் இரண்டு மருந்து, பில்லை ஏற்றவா?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

ஆய்வகத்தில் இந்த மோனோமர் எதிர்ப்பு செல்களைப் பலவீனமாக்கியது என்று படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போன்ற செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து, ஹீமாவோ டெக்டிஎம்ஏவோ கலந்து, பிறகு பாக்டீரியாவின் சுவரிலிருந்து எடுத்த பொருளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமாக அந்தச் செல்கள் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற எச்சரிக்கைப் புரதங்களை வெளியிட வேண்டும். மோனோமர் கலந்த கிண்ணத்தில் அவை குறைவாக வந்தன. அதாவது கிருமி வந்திருப்பதை அந்த இடத்துக்குச் சொல்லும் குரல் தாழ்கிறது. அடைப்பின் ஓரத்தில் கசிவு இருந்து, அங்கே கிருமியும் சேர்ந்தால் இது முக்கியமாகலாம். ஆராய்ச்சியாளர்கள் இதில் அக்கறை காட்டுவது சரியே.

ஆனால் கிண்ணத்தில் எச்சில் கிடையாது, ரத்த ஓட்டம் கிடையாது, டென்டின் தடுப்பு கிடையாது. கொடுக்கும் அளவும் பெரும்பாலும் மிக அதிகம். பல்லுக்குள் ஒட்டிய இடத்தில் அந்த அளவு இருக்கலாம், ரத்தத்தில் இருக்க வழியில்லை. இந்த முடிவை வைத்து "பல் அடைத்தால் சளி பிடிக்கும், காய்ச்சல் அடிக்கடி வரும்" என்று பேசுவது தவறு. பாதிப்பு இருந்தால் அது அந்தப் பல்லோடு, அதைச் சுற்றிய ஈறோடு நிற்கிற விஷயம்.

பிபிஏ இருக்கிறதா? அது எதிர்ப்பு சக்தியைப் பாதிக்கும் என்று ஐரோப்பாவில் சொன்னார்களே?

பிஸ்பினால்-ஏ என்ற பிபிஏவை யாரும் அடைப்பில் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. பிஸ்-ஜிஎம்ஏ தயாரிப்பதற்கான மூலப்பொருள் அது என்பதால் எச்சமாக மிகச் சிறிதளவு இருக்கலாம். பிஸ்-டிஎம்ஏ என்ற மோனோமரை எச்சில் உடைத்தால் பிபிஏ வரும். பிஸ்-ஜிஎம்ஏ அப்படி எளிதில் உடைந்து பிபிஏ ஆவதில்லை. 1996-ல் ஸ்பெயினின் கிரானடாவில், சீலன்ட் போட்டவர்களின் எச்சிலில் பிபிஏவைக் கண்டதாக வந்த ஆய்விலிருந்துதான் இந்தப் பேச்சே தொடங்கியது. அதற்குப் பின் வந்த அளவீடுகளில் தெரிந்தது: வேலை முடிந்த முதல் சில மணி நேரத்தில் எச்சிலில் கொஞ்சம் ஏறுகிறது, பிறகு இறங்கிவிடுகிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஏப்ரலில், ஒருவர் தினமும் உட்கொள்ளத்தக்க பிபிஏ அளவை உடல் எடையில் கிலோவுக்கு 0.2 நானோகிராம் என்று குறைத்தது. 2015-ல் வைத்திருந்த எல்லையில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. காரணமே எதிர்ப்பு சக்திதான்: எலிகளில் டிஎச்-17 என்ற வகை டி செல்கள் அதிகரித்ததை அடிப்படையாக வைத்தார்கள். இந்தச் செல்களுக்கு அழற்சி நோய்களில் பங்கு உண்டு. அதே ஐரோப்பாவில் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை; அது சொன்ன எல்லை ஆயிரம் மடங்கு அதிகம், 200 நானோகிராம். விஞ்ஞானிகளே ஒத்துப்போகாத விஷயம் இது.

நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: எல்லை சர்ச்சையில் இருக்கும்போது, குறைக்க முடிந்ததைக் குறைப்போம். பஞ்சால் துடைப்பதும் அரை நிமிடம் கொப்பளிப்பதும் இங்கேயும் உதவும். பிபிஏ மூலமே இல்லாத ரெசின்களும் சந்தையில் உண்டு. டப்பா உணவு, பிளாஸ்டிக் டப்பாவில் சூடாக வரும் சாம்பார் என்று தினம் தினம் சேர்வதோடு ஒப்பிட்டால் பல் அடைப்பின் பங்கு எப்போதோ ஒருமுறை வருவது. சீலன்ட் வேண்டாமென்று சொல்லிவிட்டு பிள்ளைக்குத் தினமும் அப்படிச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதில் பொருளில்லை.

பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டனிலும் மெய்ன் மாநிலத்திலும் 1997-ல் தொடங்கி, 6 முதல் 10 வயது வரையிலான 534 குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. வெள்ளி அடைப்பின் பாதரசம் தீங்கு செய்கிறதா என்று பார்க்கத்தான் அதைத் தொடங்கினார்கள். பாதிப் பேருக்கு வெள்ளி, பாதிப் பேருக்குக் காம்போசிட். அதே குழந்தைகளில் ஒரு சிறு குழுவின் ரத்தத்தை எடுத்து வெள்ளை அணுக்கள், டி செல், பி செல் ஆகியவற்றின் செயல்பாட்டையும் பிறகு ஆராய்ந்தார்கள். ரெசினால் எதிர்ப்பு சக்தி வெளிப்படையாகக் கெட்டதற்கு அடையாளம் கிடைக்கவில்லை. குழு சிறியது என்பதால் இதோடு ஆராய்ச்சி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொத்தையை அப்படியே விட்டு, சீழ் கட்டி, பிள்ளை ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருப்பது சந்தேகமில்லாத தீங்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அடைத்த மறுநாளிலிருந்து பல் கூசுகிறது. அலர்ஜிதானே?

அநேகமாக இல்லை. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் கூச்சம் வரும். அடைப்பு ஒரு நூலளவு உயரமாக இருந்தாலும் கடிக்கும்போது வலிக்கும். ஆழமான சொத்தை என்றால் கூழே ஏற்கெனவே வீங்கியிருந்திருக்கும். டாக்டரிடம் திரும்பப் போய்க் காட்டுங்கள். கடி சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அப்படியானால் உண்மையான அலர்ஜியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடைப்பு தொடும் இடத்திலேயே கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளைக் கோடுகளோடு சிவந்த திட்டு வந்து போகாமல் நிற்பது. வேலை முடிந்து ஒன்றிரண்டு நாளில் உதட்டைச் சுற்றி அரிப்பும் தடிப்பும். ஒவ்வொரு தடவை பல் வேலை நடந்த பிறகும் இதே வரிசை திரும்புவது. இவை இருந்தால் சந்தேகப்படலாம். வெள்ளைக் கோடுகள் வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு வேறு காரணத்தாலும் வரும். அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தத் திட்டையும் நேரில் காட்டியே ஆக வேண்டும், அலர்ஜி என்று நீங்களாக முடிவுகட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் ரெசினைவிட கையுறையின் லேடெக்ஸ், குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ், கொடுத்த மருந்து இவற்றைத்தான் முதலில் சந்தேகிப்போம். அது வேறு வகை அலர்ஜி, அவசர சிகிச்சை தேவை.

உறுதி செய்ய வழி பேட்ச் டெஸ்ட். தோல் மருத்துவர் முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் சந்தேகப் பொருட்களை, வாசலினில் குறிப்பிட்ட அளவில் கலந்து ஒட்டுவார். இரண்டு நாள் அப்படியே இருக்க வேண்டும், குளிக்கும்போது முதுகு நனையக் கூடாது. எடுத்ததும் ஒருமுறையும், நான்காம் நாள் வாக்கில் மறுமுறையும் பார்ப்பார்கள். இரண்டாவது பார்வைக்கு வராமல் விட்டால் பாதி விடை போய்விடும். பேட்ச் டெஸ்டில் வழக்கமாகச் சோதிக்கும் பொருட்களின் ஐரோப்பிய அடிப்படைத் தொகுப்பில் ஹீமாவை 2019-ல்தான் சேர்த்தார்கள். அதனால் இங்கே டெஸ்ட் செய்யும்போது "மெத்தாக்ரிலேட் சேர்த்திருக்கிறதா?" என்று கேட்டே வாங்குங்கள். காம்போசிட்டை வாங்கி வீட்டில் கையில் தடவிப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இல்லாத அலர்ஜியை அதுவே உண்டாக்கிவிடும்.

ஜெல் நெயில் பாலிஷ் போடுகிறேன். அதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம். இந்திராநகரிலும் கோரமங்கலாவிலும் நகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டிலேயே லைட்டோடு கிட் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் நிறைய. அந்த ஜெல்லில் பலவற்றில் இருப்பது இதே ஹீமா. லைட்டில் கெட்டியாக்குவதும் இதே வேதியியல். நகத்தைத் தாண்டித் தோலில் பட்டு, லைட்டும் குறைவாக அடித்தால், கெட்டியாகாத மோனோமர் விரலில் மணிக்கணக்கில் தங்குகிறது. டி செல்களுக்குப் பழக்கம் ஆக அது போதும். பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018-ல் வெளியிட்ட கணக்கில், பேட்ச் டெஸ்ட் செய்தவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இந்தக் குடும்பத்தில் ஏதாவது ஒன்றுக்கு அலர்ஜி இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பொருள் சேர்ந்த நக ஜெல்களைத் தொழில்முறைக் கலைஞர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று விதித்திருக்கிறது.

பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள் அழகுக்காகச் செய்துகொண்ட ஒன்று, நாற்பது வயதில் பல் அடைக்கும்போதும், அறுபதில் மூட்டு மாற்று அறுவையில் இதே குடும்பத்து எலும்பு சிமெண்ட் வைக்கும்போதும் குறுக்கே வரலாம் என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. நகத்தைச் சுற்றி அரித்தால், வெடித்தால், கண் இமை காரணமில்லாமல் தடித்தால், ஜெல்லை உடனே நிறுத்துங்கள். பல் டாக்டரிடம் போகும்போது மறக்காமல் சொல்லுங்கள். நாங்களும் கேட்க வேண்டும். பல கிளினிக்குகளின் படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது. சர்க்கரை அளக்கக் கையில் ஒட்டும் சென்சாரால் தோல் வெந்தவர்களும் அதைச் சொல்லுங்கள். அதன் பசையில் உள்ள ஐசோபோர்னைல் அக்ரிலேட் தூரத்து உறவு.

பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன். விரல் நுனி வெடிக்கிறது. சோப்பினாலா?

தங்கையே, தம்பியே, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

எந்த விரல் என்று பாருங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் காய்ந்து, ரேகை அழிந்து, குறுக்கே வெடித்திருந்தால், சோப்பைவிட ரெசின்மேல்தான் சந்தேகம். சோப்பும் தண்ணீரும் கை முழுக்க, விரல் இடுக்கில் காட்டும். ரெசின் நீங்கள் எதைக் கொண்டு பிடிக்கிறீர்களோ அங்கே காட்டும். சிலருக்கு நுனி மரத்துப்போனது மாதிரியும் இருக்கும். புண் ஆறிய பிறகும் அந்த மரப்பு கொஞ்ச நாள் தங்கும்.

எப்படிப் படுகிறது என்று ஒரு நாள் உங்களையே கவனியுங்கள். பாண்டிங் பாட்டிலின் கழுத்தில் ஒரு துளி வழிந்து நிற்கும். மூடியைத் திருகும்போது விரலில் ஒட்டும். ஸ்பாட்டுலாவில் மிஞ்சிய காம்போசிட்டைக் கையுறை விரலால் வழித்து எடுப்போம். ஒட்டாமல் இருக்க உருட்டி, கிள்ளி, வடிவம் செய்து டாக்டரிடம் நீட்டுவோம். அதே கையுறையோடு லைட்டை, மேசை இழுப்பறையை, சுவிட்சைத் தொடுவோம். சாயந்திரம் வெறுங்கையால் அதையெல்லாம் துடைப்போம்.

கையுறை காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். ஹீமா லேடெக்ஸ் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். ஊடுருவிய பிறகு கையுறையே மூடியாகி, மோனோமரைத் தோலோடு அழுத்தி வைத்திருக்கும். நைட்ரைல் கொஞ்சம் தாங்கும், அதுவும் கொஞ்சம்தான். துளி பட்டது தெரிந்த கணமே கழற்றி எறிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுசு மாட்ட வேண்டும். "ஒரு ஜோடி கையுறையை மிச்சம் பிடி" என்று சொல்லும் முதலாளி டாக்டருக்கு இதைக் காட்டுங்கள். ரெசினைத் தொடாமல், கருவியால் மட்டும் எடுத்து வைத்துப் பழகுவதுதான் உண்மையான பாதுகாப்பு. பாட்டிலுக்குப் பதில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சின்னக் குப்பிகளும் வருகின்றன.

அலர்ஜி உறுதியானால் வேலையே போய்விடுமோ என்று மறைக்காதீர்கள். மறைத்து, ஸ்டீராய்டு களிம்பு போட்டுக்கொண்டே தொடர்ந்தால் விரலிலிருந்து முகத்துக்கும் இமைக்கும் போகும். லேப்பில் பல் செட் செய்கிறவர்களுக்கும், இப்போது 3டி பிரின்டரில் ரெசின் ஊற்றி மாடல் எடுக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பிரின்டரிலிருந்து வந்ததும் ஆல்கஹாலில் கழுவி, மறுபடி லைட்டில் வைக்கும் வரை அது பாதி வெந்த ரெசின். வெறுங்கையால் தொடக் கூடாது.

அம்மாவுக்குப் பல் செட் போட்டதிலிருந்து அண்ணம் சிவந்து எரிகிறது. அலர்ஜியா?

முதல் சந்தேகம் காளான். ராத்திரியும் கழற்றாமல் போட்டிருந்தால் செட்டுக்கு அடியில் கேண்டிடா வளர்ந்து, செட் மூடிய இடம் மட்டும் அச்சு அசலாகச் சிவந்திருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சுலபம். செட் சரியாகப் பொருந்தாமல் உராய்வது அடுத்த காரணம். மோனோமர் மூன்றாவது. சர்வதேசத் தர விதி, சூட்டில் வேகவைத்த செட்டில் மிஞ்சும் மோனோமருக்கு 2.2 சதவீதமும், சூடில்லாமல் தானே இறுகும் வகைக்கு 4.5 சதவீதமும் எல்லை வைக்கிறது. உடைந்த செட்டை அரை மணியில் ஒட்டித் தரும் பொருள் இந்த இரண்டாவது வகை. புது செட்டையோ ஒட்டிய செட்டையோ ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, பிறகு போடச் சொல்லுங்கள். கணிசமான மோனோமர் அதிலேயே இறங்கிவிடும். கொதிநீர் வேண்டாம், செட் வளைந்துவிடும்.

முடக்குவாதம் இருக்கிறது, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். வெள்ளை அடைப்பு வைக்கலாமா?

வைக்கலாம். தன் உடம்பையே தாக்கும் நோய்கள் பல் ரெசினால் வருகின்றன என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. மாறாக, ஈறு நோயும் சீழும் உங்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து. மாத்திரைப் பெயர்களை எழுதிக் கொண்டு வாருங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது?

வலி, சீழ் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அழகுக்காக வைக்கும் ரெசின் வேலைகள் பிரசவத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம். அவசியமான அடைப்பை, பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டேம் என்ற விரிப்பைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

பழைய வெள்ளை அடைப்புகளை எல்லாம் எடுத்துவிடலாமா?

நிரூபித்த அலர்ஜி இல்லையென்றால் வேண்டாம். சில வருடம் இருந்துவிட்ட அடைப்பு கசிய வேண்டியதில் பெரும்பகுதியைக் கசிந்து முடித்துவிட்டது. எடுக்கும்போது பறக்கும் தூள், போகும் நல்ல பல், மறுபடி வைக்கும் புது ரெசின் எல்லாம் சேர்ந்து புதுத் தொந்தரவு.

அலர்ஜி உறுதியாகிவிட்டது. இனி எதை வைத்துப் பல் அடைப்பது?

கிளாஸ் அயனோமர் சிமெண்ட் முதல் தேர்வு. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் என்று ஒரு வகை உண்டு, அதில் ஹீமா இருக்கிறது. லைட் அடித்து கெட்டியாக்கினால் அது அந்த வகை. தானே இறுகும் பழைய வகையைக் கேளுங்கள். அதிகம் மெல்லும் இடத்தில் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். பெரிய குழிக்கு வெளியே செய்து ஒட்டும் செராமிக் அல்லது உலோக கேப். ஒட்டும் சிமெண்ட்டும் ரெசினாக இருக்கக் கூடாது. வெள்ளி அடைப்பு உறுதியானதுதான், ஆனால் பாதரசத்தைக் குறைக்கும் 2013-ன் மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்க ஒதுங்கி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய நிறுத்திவிட்டது. "ஹீமா இல்லாதது" என்று அட்டையில் போட்ட பாண்டிங்கை நம்பி இறங்க வேண்டாம், அதில் வேறு மெத்தாக்ரிலேட் இருக்கும். ஒன்றுக்கு அலர்ஜி உள்ள பலருக்கு இன்னொன்றுக்கும் இருக்கும்.

பெங்களூரில் எங்கே காட்டுவது?

பல் பக்கம், விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், கே.ஆர். மார்க்கெட் பஸ்ஸில் இறங்கினால் பக்கம். தோல் பக்கம், சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரி அல்லது ஏதாவது மருத்துவக் கல்லூரியின் தோல் துறையில் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். போகும்போது உங்களுக்கு வைத்த காம்போசிட், பாண்டிங் இரண்டின் பெயரையும் பல் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்; பெட்டியோடு வரும் பாதுகாப்புத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. விரலோ உதடோ சிவந்திருக்கும் நாளிலேயே அதையும் படம் எடுத்து வையுங்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நாளில் அது ஆறிப்போயிருக்கும்.